மரபணு ரிப்போர்ட்டில் பாதிக் கதைதான் இருக்கிறது

பெருங்குடல் கட்டி ஒன்றை வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அங்கே புற்றுசெல் மட்டும் இருக்காது. நாரிழைகள், ரத்தக் குழாய்கள், நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், நோய் எதிர்ப்பு செல்களான மேக்ரோஃபேஜ்கள், நியூட்ரோஃபில்கள், டி செல்கள், பி செல்கள் என்று ஒரு பெரும் கூட்டமே இருக்கும். சில கட்டிகளில் எண்ணிப் பார்த்தால் புற்றுசெல்கள்தான் சிறுபான்மை. ஆனால் நோயாளியின் கையில் கிடைக்கும் மரபணு ரிப்போர்ட்டில் இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேராஸ் மரபணுவில் பிறழ்வு (எழுத்து மாற்றம்) உண்டு, பிராஃப் மரபணுவில் இல்லை, எம்எஸ்எஸ் (இது என்ன வகை என்று கீழே சொல்கிறேன்), முடிந்தது. ஸ்லைடு பார்க்கும் வேலையில் இருப்பதால் இது என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு பிறழ்வுக்கும் கட்டியைச் சுற்றி யார் வந்து நிற்கிறார்கள், யார் வர முடியாமல் வெளியே நிற்கிறார்கள் என்பதோடு தொடர்பு இருக்கிறது, அந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டால்தான் நோய் எதிர்ப்பு செல்களையே புற்றுநோய்மேல் ஏவும் இம்யூனோதெரபி ஏன் ஒருவருக்கு அற்புதமாக வேலை செய்கிறது, இன்னொருவருக்கு ஏன் துளியும் வேலை செய்யவில்லை என்பது விளங்கும்.

முதலில் மரபணுப் பக்கம். பெருங்குடல் புற்றுநோய் ஒரே பிறழ்வில் வருவதில்லை என்பதை ஃபியரானும் வோகல்ஸ்டைனும் 1990-லேயே ஒரு வரிசையாக வரைந்து காட்டிவிட்டார்கள். ஏபிசி மரபணு பழுதாகிறது, சின்ன பாலிப் உருவாகிறது, அப்புறம் கேராஸ், அப்புறம் டிபி53, இடையில் 18-ஆம் குரோமோசோமில் இழப்பு. பெரும்பாலான கட்டிகள் வரும் வழி இன்றைக்கும் இதுதான். ஏறக்குறைய 80 சதவீதக் கட்டிகளில் ஏபிசி கெட்டிருக்கும், 40 சதவீதத்துக்கு மேல் கேராஸ் மாறியிருக்கும். இந்த வழியில் வரும் கட்டிகளில் குரோமோசோம்கள் துண்டு துண்டாகக் கூடியும் குறைந்தும் கிடக்கும், ஆனால் எழுத்து எழுத்தாகப் பார்த்தால் பிறழ்வுகளின் எண்ணிக்கை அவ்வளவு அதிகமாக இருக்காது.

இன்னொரு வழி உண்டு. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கிறது, படியெடுக்கும்போது தவறுகள் வரத்தான் செய்யும், அவற்றைத் தேடித் திருத்துவதற்கென்றே எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு புரதங்கள் ஜோடி ஜோடியாக வேலை பார்க்கின்றன. இவற்றில் ஒன்று போய்விட்டால் தவறுகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். அதிலும் ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், அதாவது மைக்ரோசேட்டிலைட்டுகளில், படியெடுக்கும் எந்திரம் வழுக்கிக்கொண்டே இருக்கும். இதைத்தான் எம்எஸ்ஐ-ஹை என்கிறோம், இந்த வழுக்கல் இல்லாத கட்டிதான் எம்எஸ்எஸ். 1993-ல் இந்த வழுக்கலைக் கண்டுபிடித்தார்கள். எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. இதில் பெரும்பகுதி எம்எல்எச்1 மரபணு மீது மெத்தில் ஒட்டி அது அடைபட்டுப்போவதால் வருவது, வயதானவர்களிடம், குடலின் வலது பக்கத்தில் அதிகம். மிச்சம் பரம்பரையாக வருவது, லிஞ்ச் சிண்ட்ரோம். மொத்தப் பெருங்குடல் புற்றுநோயில் அது சுமார் 3 சதவீதம்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு மரபணுவைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டிஜிஎஃப்பிஆர்2 என்று ஒன்று. அதன் நடுவில் அடினின் எழுத்து பத்து முறை அடுத்தடுத்து வருகிறது. திருத்தும் புரதம் இல்லாத செல்லில் இந்தப் பத்து ஒன்பதாகவோ எட்டாகவோ ஆகிவிடும். டிஎன்ஏவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கிறது, ஆகவே ஒரு எழுத்து போனால் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டதுபோல அதற்குக் கீழே உள்ள அத்தனையும் இடம் மாறிவிடுகிறது. அந்த இடத்திலிருந்து உருவாகும் புரதத் துண்டு இந்த உடம்பில் இதுவரை இருந்ததே இல்லை. செல் தன் உள்ளே தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எச்எல்ஏ என்ற தாங்கியில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும், அது அதன் வழக்கமான வேலை. வழக்கமான துணுக்கைப் பார்த்தால் டி செல் கடந்து போய்விடும். இந்த அந்நியத் துணுக்கைப் பார்த்தால் நிற்கும். ஒரே ஒரு எழுத்து மாறி ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய துணுக்கைக்கூடச் சில நேரம் டி செல் கவனிக்காமல் விட்டுவிடலாம், ஆனால் அந்த மூன்றெழுத்துச் சட்டகமே நகர்ந்து வந்த துணுக்கு முழுக்க முழுக்கப் புதியது, கவனிக்கப்படும் வாய்ப்பு அதிகம். இப்படி ஒரு கட்டியில் டிஜிஎஃப்பிஆர்2 மட்டும் இல்லை, இதுபோல எத்தனையோ மரபணுக்களில் ஒரே சமயத்தில் நடக்கிறது.

புற்றுநோயே வராத லிஞ்ச் குடும்பத்து ஆட்களின் ரத்தத்தில்கூட இந்தச் சட்டகம் நகர்ந்த துணுக்குகளை அடையாளம் காணும் டி செல்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது அவர்கள் குடலில் எப்போதோ ஒரு சில செல்கள் இந்த வழியில் போகத் தொடங்கியிருக்கின்றன, நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றைப் பார்த்திருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஸ்லைடில் இது எப்படித் தெரியும்? எம்எஸ்ஐ-ஹை கட்டியைச் சாதாரணச் சாயத்திலேயே ஓரளவு யூகிக்கலாம். புற்றுசெல்களின் வரிசைக்குள்ளேயே, இரண்டு பெரிய வெளிறிய நியூக்ளியஸ்களுக்கு நடுவே, சின்னதாக, உருண்டையாக, கருநீலமாக ஒரு நியூக்ளியஸ் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். அது டி செல். ஒன்றிரண்டு எந்தக் கட்டியிலும் இருக்கும், இங்கே பார்க்கும் இடமெல்லாம் இருக்கும். கட்டி முன்னேறும் விளிம்புக்குப் போனால் லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் வகையறா) திரண்டு சின்னச் சின்ன முடிச்சுகளாக நிற்கும், குரோன் நோய் என்ற குடல் அழற்சியில் காண்பதுபோல இருப்பதால் அந்தப் பெயரிலேயே அதைக் குறிப்பிடுவார்கள். அப்புறம் எம்எல்எச்1 புரதத்துக்கான சாயத்தைப் போடுகிறோம். புரதம் இருந்தால் நியூக்ளியஸ் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெறும் நீலம். புற்றுசெல்கள் எல்லாம் நீலமாக நிற்கும்போது, சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படி நம்புவது? அதே ஸ்லைடில் புற்றுசெல்களுக்கு நடுவே நிற்கும் லிம்போசைட்டுகளைப் பார்க்க வேண்டும், அவை பழுப்பாக இருந்தால் சாயம் சரி. புற்றுசெல்லில் எந்தப் புரதம் தொலைந்ததோ அது தொலைந்ததால் வந்து சேர்ந்த செல்களே, அது தொலைந்ததற்குச் சாட்சியாகவும் நிற்கின்றன. எம்எல்எச்1 போனால் அதன் ஜோடி பிஎம்எஸ்2-ம் தனியாக நிலைக்க முடியாமல் போய்விடும், அதனால் இரண்டும் சேர்ந்தே நீலமாகத் தெரியும்.

இந்தத் தொடர்பு சிகிச்சையில் என்ன செய்தது என்பதற்கு 2015-ல் வந்த ஆய்வைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில், டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற தடுப்பை விலக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பரவிய நிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். திருத்தும் புரதம் இல்லாத பெருங்குடல் கட்டிகளில் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. புரதம் சரியாக இருந்தவர்களில் 18 பேரில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை. மரபணுப் பிறழ்வை எண்ணியபோது முதல் வகைக் கட்டியில் சராசரியாக 1782, இரண்டாம் வகையில் 73. வித்தியாசம் கண்ணைப் பறிக்கிறது. 2017 மே மாதம் அமெரிக்க எஃப்டிஏ, கட்டி எந்த உறுப்பில் வந்தது என்று பார்க்காமல் எம்எஸ்ஐ-ஹை என்ற ஒரே அடையாளத்தை வைத்து அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 2020-ல் வந்த கீநோட்-177 ஆய்வில் 307 பேர் இருந்தார்கள், முதல் மருந்தாகவே பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களுக்கு நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 8.2 மாதம். 2022-ல் நியூயார்க்கில் இதே வகை மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு, அதே பிடி-1 தடுப்பை விலக்கும் டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள், ஆறு மாத சிகிச்சையை முடித்திருந்த 12 பேருக்கும் கட்டி சுத்தமாக மறைந்தது, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. ஆம்ஸ்டர்டாமில் நடந்த நிச்-2 ஆய்வில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டு இம்யூனோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில், 111 பேரில் 68 சதவீதம் பேருக்கு வெட்டி எடுத்த குடலில் உயிருள்ள புற்றுசெல் ஒன்றுகூட மிச்சமில்லை.

இந்த மருந்துகள் புதிதாக எந்த செல்லையும் கொண்டுவரவில்லை. எம்எஸ்ஐ-ஹை கட்டிகளில் டி செல்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, ஆனால் அவற்றின் கை கட்டப்பட்டிருக்கிறது. டி செல்கள் இப்படி நெருக்கும்போது அந்தச் சூழலில் பிடி-எல்1, சிடிஎல்ஏ-4, லேக்-3, ஐடிஓ என்று தடுப்புப் புரதங்கள் எல்லாமே கூடுதலாகத் தலைதூக்குகின்றன. மருந்து அந்தத் தடுப்பில் ஒன்றிரண்டை விலக்குகிறது, அவ்வளவுதான். யாரும் உள்ளே இல்லாத கட்டியில் எதை விலக்கினாலும் பயனில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

மருந்து வருவதற்கு முன்னாலேயே இந்த நெருக்கடி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 20 சதவீதம் எம்எஸ்ஐ-ஹை, நான்காம் நிலையில், அதாவது வேறு உறுப்புக்குப் பரவியவற்றில், 4 அல்லது 5 சதவீதம்தான். பிறழ்வு ஆயிரக்கணக்கில் குவிந்த கட்டி வேகமாகப் பரவும் என்றுதான் தோன்றும், நடப்பதோ தலைகீழ். பிறழ்வு கூடக்கூட அது கண்ணில் படுவதும் கூடுகிறது.

சரி, அப்படியானால் பிறழ்வுகளை எண்ணினால் போதுமா? இங்கேதான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கைக்கு ஆதரவாக ஒரு நல்ல சான்று உண்டு. போல்-இ என்ற மரபணு டிஎன்ஏவைப் படியெடுக்கும் எந்திரத்தின் பகுதி, அதிலேயே ஒரு திருத்தும் முனையும் இருக்கிறது. அந்த முனை கெட்டால் மைக்ரோசேட்டிலைட் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், ஆனால் ஒற்றை எழுத்துப் பிறழ்வுகள் எம்எஸ்ஐ கட்டிகளைவிடவும் அதிகமாகக் குவியும். பெருங்குடல் கட்டிகளில் இது 1 சதவீதம் அளவுக்குத்தான். இவற்றிலும் புற்றுசெல்லைக் கொல்லும் சிடி8 டி செல்கள் மொய்க்கின்றன, ஆரம்ப நிலைகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள். ரிப்போர்ட்டில் எம்எஸ்எஸ் என்று இருப்பதைப் பார்த்து மூடி வைத்துவிட்டால் இவர்களைத் தவற விட்டுவிடுவோம். ஆக, எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் அந்த 2015 ஆய்விலேயே 10 பேரில் 6 பேருக்குக் கட்டி சுருங்கவில்லையே, அவர்களுக்கும் பிறழ்வுகள் ஏராளமாக இருந்தனவே?

இதற்குப் பதிலின் ஒரு பகுதி, கட்டியும் சும்மா இருப்பதில்லை என்பது. டி செல்கள் நெருக்கும் இடத்தில் எந்தப் புற்றுசெல் தன்னை மறைத்துக்கொள்கிறதோ அது பிழைக்கிறது, அதன் வாரிசுகள் பெருகுகின்றன. எச்எல்ஏ தாங்கி நிமிர்ந்து நிற்க பி2எம் என்ற சின்னப் புரதம் வேண்டும். அந்த மரபணுவிலும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள் உண்டு, ஆகவே அங்கேயும் வழுக்கல் நடக்கும். பி2எம் போய்விட்டால் தாங்கி மேலே வராது, துணுக்கைக் காட்ட இடமில்லை, சிடி8 டி செல்லுக்கு அந்தப் புற்றுசெல் தெரியாது. எம்எஸ்ஐ-ஹை பெருங்குடல் கட்டிகளில் பி2எம் பிறழ்வு சர்வ சாதாரணம், எம்எஸ்எஸ் கட்டிகளில் அபூர்வம். ஜேக்1 மரபணுவிலும் இதே கதை, அது போனால் டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் கொடுக்கும் செய்தி செல்லுக்குள் எட்டாது. எம்எஸ்ஐ-ஹை கட்டியில் இந்தப் பிறழ்வுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கட்டி எவ்வளவு கடுமையான தாக்குதலைச் சந்தித்திருக்கும் என்றுதான் நான் யோசிப்பேன். மரபணு ரிப்போர்ட் என்பது கட்டி என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்வதில்லை, அதற்கு என்ன நேர்ந்தது என்பதும் அதில் பதிந்திருக்கிறது.

இதில் இன்னொரு திருப்பம். பி2எம் போன கட்டி இம்யூனோதெரபிக்கு மசியாது என்றுதானே எதிர்பார்ப்போம்? பெருங்குடலில் பார்த்தால் பி2எம் இல்லாத பல எம்எஸ்ஐ-ஹை கட்டிகள் பிடி-1 தடுப்பு மருந்துக்குச் சுருங்குகின்றன. எப்படி என்று வருடக்கணக்கில் குழப்பம். 2023-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் பதில் சொன்னார்கள்: காமா-டெல்டா டி செல்கள். இவற்றுக்கு எச்எல்ஏ தாங்கி தேவையில்லை, புற்றுசெல்லின் வேறு அடையாளங்களைப் பார்த்துத் தாக்கும். பி2எம் இழந்த கட்டிகளில் இவை கூட்டமாக வந்து பிடி-1-ஐ ஏந்தி நிற்கின்றன, மருந்து கொடுத்ததும் களத்தில் இறங்குகின்றன. ஒரு மரபணு போனதும் ஒரு வகை செல் செயலிழக்க, அந்த இடத்தை வேறு வகை செல் பிடித்துக்கொள்கிறது. மரபணுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாரும் கணித்திருக்க முடியாது, திசுவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இனி எம்எஸ்எஸ் கட்டிகள். நூற்றில் 85 பேர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், பரவிய நிலையில் 95 பேர். இவற்றில் துணுக்குகள் குறைவு என்பது ஒரு காரணம், ஆனால் இருக்கும் பிறழ்வுகளே செல்களை விலக்கவும் செய்கின்றன என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏபிசி கெட்டதும் செல்லைப் பெருகச் சொல்லும் வின்ட் பாதை நிறுத்தமில்லாமல் ஓடுகிறது, அதன் செய்தியைச் சுமக்கும் பீட்டா-கேட்டனின் புரதம் நியூக்ளியஸுக்குள் குவிகிறது. இந்தப் பாதை முடுக்கத்தில் உள்ள கட்டிகளில் டி செல்கள் குறைவாக இருப்பதைப் பெருங்குடலில் கண்டிருக்கிறார்கள், எம்எஸ்ஐ வகையிலும்கூட. மெலனோமாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் காரணமும் தெரிந்தது, டி செல்களைத் தயார்ப்படுத்தும் டென்ட்ரிடிக் செல்களை அழைக்கும் செய்தியே போகாமல் நின்றுவிடுகிறது. கேராஸ் விஷயத்தில் 2019-ல் எலி மாதிரிகளில் ஒரு சங்கிலியை முழுசாகவே பிடித்தார்கள்: பிறழ்ந்த கேராஸ் ஐஆர்எஃப்2 என்ற புரதத்தை அடக்குகிறது, அது அடங்கியதும் சிஎக்ஸ்சிஎல்3 என்ற அழைப்பு மூலக்கூறு கூடுகிறது, அந்த அழைப்பைக் கேட்டு மைலாய்டு வகை அடக்கு செல்கள் வந்து சேர்கின்றன, அவை டி செல்களை முடக்குகின்றன. புற்றுசெல்லைப் பெருக்குவதற்கென்று நாம் தெரிந்துவைத்திருந்த ஒரு மரபணு, பக்கத்தில் யார் குடியேறலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

அப்புறம் டிஜிஎஃப்-பீட்டா, செல்களுக்கு இடையே போகும் ஒரு செய்திப் புரதம். 2015-ல் பெருங்குடல் புற்றுநோயை மரபணு வெளிப்பாட்டை வைத்து நான்காகப் பிரித்தார்கள். சிஎம்எஸ்1-ல்தான் எம்எஸ்ஐ கட்டிகள் பெரும்பாலும் வரும், டி செல்கள் நிறைய. சிஎம்எஸ்2 வின்ட் பாதை ஓங்கியது, சிஎம்எஸ்3-ல் வளர்சிதை மாற்றமும் கேராஸும். சிஎம்எஸ்4 சுமார் 23 சதவீதம், நார்த்திசு அடர்ந்தது, டிஜிஎஃப்-பீட்டா கொட்டிக்கிடப்பது, நோயாளிகளுக்கு மோசமான வகை. இதை ஸ்லைடில் சிடி8 சாயத்தில் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பழுப்புப் புள்ளிகள் இல்லாமல் இல்லை, ஆனால் எல்லாம் ஃபைப்ரோபிளாஸ்ட் இழைகளுக்கு நடுவே வரிசையாகச் சிக்கி நிற்கும், ஒன்றிரண்டு செல் தூரத்தில் புற்றுசெல் கூட்டம் இருக்கும், உள்ளே ஒரு புள்ளியும் இருக்காது. பார்சிலோனாவில் 2018-ல் ஏபிசி, கேராஸ், டிஜிஎஃப்பிஆர்2, டிபி53 நான்கையும் எலியின் குடலில் மாற்றி இதே மாதிரியான கட்டியை உருவாக்கினார்கள். டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்ததும் டி செல்கள் உள்ளே நுழைந்தன, பிடி-1 பாதையைத் தடுக்கும் மருந்தும் வேலை செய்யத் தொடங்கியது. மனிதர்களிடம் அந்த அளவுக்கு வெற்றி இன்னும் கைகூடவில்லை.

எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம் என்பதை முதலில் பெரிய அளவில் காட்டியவர் பாரிஸில் ஜெரோம் காலோன். 2006-ல் அவர் குழு பெருங்குடல் கட்டிகளில் டி செல்களை நடுப்பகுதியிலும் முன்னேறும் விளிம்பிலும் தனித்தனியாக அளந்து, நோயாளியின் எதிர்காலத்தை வழக்கமான நிலைப் பிரிப்பைவிட அது நன்றாகச் சொல்கிறது என்று எழுதியது. அதிலிருந்து வந்ததுதான் இம்யூனோஸ்கோர், சிடி3 (எல்லா டி செல்லும்), சிடி8 (கொல்லும் டி செல்) என்று இரண்டே சாயம், இரண்டு இடம். 2018-ல் 13 நாடுகளிலிருந்து 2681 நோயாளிகளின் திசுவில் அதைச் சரிபார்த்தார்கள். எம்எஸ்எஸ் நோயாளிகளிலும் அதிக ஸ்கோர் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. எம்எஸ்எஸ் என்றால் வெறுமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

நடுவில் ஒன்று. எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் போட்டுவிடவும் கூடாது. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா பல பெருங்குடல் கட்டிகளுக்குள் வாழ்கிறது, தன் ஃபாப்2 புரதத்தால் டி செல்லிலும் என்கே என்ற இன்னொரு கொல்லும் செல்லிலும் உள்ள டிஜிட் என்ற தடுப்பு ஏற்பியைப் பிடித்து அவற்றை அடக்குகிறது. பெருங்குடல் கட்டி கிருமிகளுக்கு நடுவே வளர்வது, நுரையீரல் கட்டியில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

இந்த இருவழி உறவை ஒரே நோயாளியிடம் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. பெருங்குடலிலிருந்து நுரையீரலுக்கு ஏழு இடங்களில் பரவிய ஒரு நோயாளி. அவருடைய கட்டிக்குள்ளிருந்தே டி செல்களை எடுத்துப் பார்த்ததில் கேராஸ் ஜி12டி பிறழ்வை அடையாளம் காணும் செல்கள் கிடைத்தன. மருந்தே பிடிக்காது என்று பல காலம் சொல்லப்பட்ட அதே கேராஸ். எச்எல்ஏ-சி*08:02 என்ற குறிப்பிட்ட தாங்கி அவருக்கு இருந்ததால்தான் அந்தத் துணுக்கு வெளியே காட்டப்பட்டது. அந்த டி செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்ப உடலுக்குள் செலுத்தினார்கள். ஏழு கட்டிகளும் சுருங்கின. ஒன்பது மாதம் கழித்து ஒன்று மட்டும் திரும்ப வளர்ந்தது, அதை எடுத்துப் பார்த்தால் கேராஸ் பிறழ்வு அப்படியே இருந்தது, 6-ஆம் குரோமோசோமில் அந்தத் தாங்கியை எழுதும் பகுதியைத்தான் அது இழந்திருந்தது. பிறழ்வு டி செல்லை வரவழைத்தது, டி செல் அடுத்த பிறழ்வைத் தேர்ந்தெடுத்தது. ரெண்டையும் பிரித்து வைத்துப் படிக்க வழியே இல்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்கு மூன்று விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்த உடனே, அந்த பயாப்ஸித் துண்டிலேயே நான்கு புரதங்களையும் பார்த்துவிட வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து பெரிய திசு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பழைய காலத்துப் பழக்கம், இப்போது அறுவைக்கு முன்னால் கொடுக்கும் சிகிச்சையே இதைப் பொறுத்து மாறுகிறது. ரெண்டாவது, எம்எல்எச்1 இல்லை என்று வந்தால் அங்கேயே நிறுத்தக் கூடாது. பிராஃப் வி600இ பிறழ்வும் மெத்திலேஷனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் லிஞ்ச் சிண்ட்ரோமா என்று பரம்பரைச் சோதனைக்குப் போக வேண்டும், அது பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துப் பாதிக்கிற கேள்வி. மூன்றாவது கொஞ்சம் என் தொழில் சார்ந்த ஆதங்கம். திசுவை மொத்தமாக அரைத்து டிஎன்ஏ எடுத்தால் பிறழ்வு கிடைக்கும், ஆனால் எந்தச் செல் எதன் பக்கத்தில் நின்றது என்பது அங்கேயே அழிந்துபோகும். ஒற்றைச் செல் ஆய்வுகள் இதை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 2021-ல் செல் இதழில் வந்த, 62 நோயாளிகளின் கட்டிகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வில், சிஎக்ஸ்சிஎல்13 என்ற அழைப்பு மூலக்கூறைச் சுரக்கும் டி செல்களும், அவற்றை அழைக்கும் மைலாய்டு செல்களும் புற்றுசெல்களும் சின்னச் சின்னக் குடியிருப்புகளாகச் சேர்ந்தே இருப்பதைத் திசுவிலும் காட்டினார்கள். எம்எஸ்ஐ கட்டிகளில் அவை அதிகம். எம்எஸ்எஸ் கட்டிகளிலும் சிலவற்றில் இருக்கின்றன.

அந்தச் சிலவற்றைத்தான் நான் இப்போது ஆர்வமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நிச் ஆய்வின் முதல் கட்டத்தில், 2020-ல், இன்னும் பரவாத எம்எஸ்எஸ் பெருங்குடல் கட்டிகளுக்கும் அறுவைக்கு முன்னால் அதே இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 15 பேரில் 4 பேருக்குக் கட்டி கணிசமாகக் கரைந்தது. பரவிய நிலையில் 18-க்குப் பூஜ்யம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்ன எண்ணிக்கை இல்லை. அந்த நான்கு பேரின் கட்டியில் மற்றவர்களைவிடப் பிறழ்வுகள் அதிகமாக இல்லை. சிகிச்சைக்கு முன்பே அங்கே இருந்தவை சிடி8-ம் பிடி-1-ம் ஒருசேரத் தாங்கிய டி செல்கள், அவற்றைப் பார்க்க ஒரு பயாப்ஸித் துண்டும் இரண்டு சாயங்களும் போதும்.